இட்டேரிக்குப் போட்ட சிவப்பு வட்டம்

கோபிப் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன், 21 வருசம் ஆகிறது. இத்தனை வருசத்தில் எத்தனையோ பயிற்சிகளுக்குப் போய் வந்தாயிற்று. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, புரொஜெக்டர், கற்றல் விளைவுகள் பற்றிய ஸ்லைடுகள், 11 மணிக்கு டீ, சாயங்காலம் பின்னூட்டப் படிவம். சில பயிற்சிகள் நிஜமாகவே உதவின, அதை மறுக்க முடியாது. ஆனால் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று நடந்த பயிற்சிகளில், ஒரே ஒரு முறை தவிர, எங்களை யாரும் எழுதச் சொன்னதே இல்லை.

அந்த ஒரு முறையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். கருத்தாளராக வந்த அம்மா லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. "ஆளுக்கொரு தாள் எடுங்க. சின்ன வயசுல நீங்க நடந்து போன ஒரு வழியைப் பத்தி இருபது நிமிசம் எழுதுங்க, நானும் உங்களோட எழுதறேன்" என்றார். 40 பேர் இருந்தோம், எல்லோரும் தமிழாசிரியர்கள். முதல் ஐந்து நிமிடம் ஒருவர் பேனாவும் நகரவில்லை. பின்னால் இருந்து ஒருவர், "முன்னுரை வேணுங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை, எங்களுக்குத் தெரிந்த எழுத்து முன்னுரையில்தான் தொடங்கும்.

நானும் "இயற்கை எழில் கொஞ்சும்" என்று ஆரம்பித்து, அடித்துவிட்டு, அப்புறம் எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, ஊருக்குப் போகும் இட்டேரியை எழுதினேன், வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ரெண்டு பக்கமும் கிழுவை வேலி, அதில் படர்ந்த கோவைக்கொடி, எதிரே வண்டி வந்தால் வேலியோடு ஒட்டி நிற்க வேண்டிய அந்த அகலம், மாடு உரசிக்கொண்டு போகும்போது வரும் வாசம். சத்தமாகப் படிக்கச் சொன்னபோது குரல் நடுங்கியது. இத்தனை வருசம் பிள்ளைகளை "எழுந்து படி" என்று சொல்லியிருக்கிறேன், அது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

படித்து முடித்து உட்காரும்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதற்கு முந்தின வாரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கட்டுரையில் "இட்டேரி" என்று எழுதியிருந்தாள். பேச்சு வழக்கு என்று சிவப்பில் வட்டம் போட்டு, மேலே "ஒற்றையடிப்பாதை" என்று எழுதினேன். இட்டேரியில் வண்டியே போகும், அது எங்கே ஒற்றையடிப்பாதை ஆகும்? சரியாக எழுதியிருந்த பிள்ளைக்குத் தப்பான சொல்லைக் கொடுத்திருக்கிறேன். மறுநாள் அவளைக் கூப்பிட்டு, "நீ எழுதினதுதான் கண்ணு சரி" என்று சொன்னேன்.

இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு என்று மத்தியானச் சாப்பாட்டின்போது அந்த அம்மா சொன்னார். 1974இல் அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஜேம்ஸ் கிரே என்பவர் கோடை விடுமுறையில் ஆசிரியர்களைக் கூட்டி உட்கார வைத்திருக்கிறார். ஆசிரியருக்கு ஆசிரியரே நல்ல பயிற்றுநர், எழுதக் கற்றுக்கொடுப்பவர் தானும் எழுத வேண்டும், இந்த இரண்டும்தான் அடிப்படை. வகுப்பில் தனக்குப் பலித்ததை ஒருவர் செய்து காட்டுவார், அப்புறம் எல்லோரும் எழுதி ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுவார்கள். அதுவே பிறகு அந்த நாடு முழுக்கப் பரவி நேஷனல் ரைட்டிங் புராஜெக்ட் ஆனது.

பயிற்சி நேரத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் என்கிறது. நம் மாநிலம் அந்தக் கொள்கையை ஏற்கவில்லை, அது வேறு பேச்சு. 50 மணி நேரமும் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பதைவிட, இரண்டு மணி நேரம் எழுதி அதை இன்னொரு ஆசிரியரிடம் படித்துக் காட்டுவது எனக்கு அதிகம் கொடுத்திருக்கிறது.

அதற்கப்புறம் நாங்கள் ஆறு பேர் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுகிறோம், தமிழ் நாலு பேர், அறிவியல் ஒருவர், கணக்கு ஒருவர். யார் வீட்டிலாவது. எழுதியதைச் சத்தமாகப் படிக்க வேண்டும், கேட்பவர் மனதில் நின்ற ஒரு வரியைத் திருப்பிச் சொல்ல வேண்டும், விளங்காத ஒன்றைக் கேட்க வேண்டும். திருத்தம் கிடையாது. பிள்ளைகளின் நோட்டும் இரண்டு மூன்று கொண்டு வருவோம், அதையும் இதே மாதிரிதான் படிக்கிறோம்.

ஒருமுறை ஈரோட்டுப் பக்கப் பள்ளியில் இருந்து ஒரு பையனின் நோட்டு வந்தது. "என் அப்பா தறி ஓட்டுகிறார். அவர் மிகவும் கஷ்டப்படுகிறார்" என்று இரண்டு வரியோடு நின்றிருந்தது. கணக்கு சார் கேட்டார், "தறி நின்னா வீட்ல எப்படி இருக்கும்னு அவனைக் கேட்டீங்களா?" டீச்சர் போய்க் கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் வந்த வரைவில் இப்படி இருந்தது: "ராத்திரி கரண்ட் போனால் சத்தம் நின்றுவிடும். அப்போதுதான் தங்கச்சி முழித்துக்கொண்டு அழுவாள்." கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இப்போதெல்லாம் நான் முதல் வரைவில் சந்திப்பிழையைத் தொடுவதில்லை. ற, ர, ஒற்று மிகுவது எல்லாம் இரண்டாவது வரைவில். 42 பேர் இருக்கும் வகுப்பில் எல்லோரிடமும் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்காது, வாரம் பத்துப் பேர் என்று வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்பில் சிக்கல் பெரிது. "காட்சியைக் கண்டு கவினுற எழுதுக" என்று படம் கொடுத்தால், எந்தப் படத்துக்கும் பொருந்துகிற மாதிரி மனப்பாடம் செய்த ஒரே கவிதையை எழுதிவிட்டு வருகிறார்கள். மார்க் வருகிறதே, அவர்களை என்ன சொல்வது. அந்த வகுப்பை எப்படி மாற்றுவது என்பதற்கு எங்கள் ஆறு பேரிடமும் இன்னும் வழி இல்லை, பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

வருகிற சனிக்கிழமைக்குத் தலைப்பு, கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விடும் நாள். ஒன்பதாம் வகுப்புக்கும் அதையே கொடுத்திருக்கிறேன். நான் எழுதியதைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள், இன்று ராத்திரி உட்கார வேண்டும்.