ஒரு வாரத்தில் மறைந்த கோடுகள்

இன்று மாலை பழைய கோப்புகளைத் துழாவியபோது வெடித்துச் சிதறிய ஒரு விண்மீனின் 2023 மே மாதத்து நிறமாலை வரைபடம் (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்தின் அளவையும் காட்டுவது) கண்ணில் பட்டது. நீலப் பக்கம் நோக்கி உயர்ந்து செல்லும் வளைகோட்டின் மேல் ஊசிகள்போல் சில முனைகள் நின்றன.

மே 19 அன்று ஜப்பானின் பொழுதுபோக்கு வானியலாளர் கோய்ச்சி இத்தகாகி, சுமார் 2 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள எம்101 விண்மீன் மண்டலத்தின் சுருள்கரத்தில், முன்பில்லாத ஒளிப்புள்ளி ஒன்றைக் கண்டறிந்தார். அன்றே லா பால்மா தீவிலுள்ள லிவர்பூல் தொலைநோக்கி அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தது.

அந்த நிறமாலையில் ஹைட்ரஜனின் கோடுகள், அதாவது அந்தத் தனிமத்துக்கே உரிய நிறங்களில் எழும் முனைகள், தெரிந்தன. ஆகவே அது இரண்டாம் வகை மீயொளிர் விண்மீன் (சூப்பர்நோவா எனப்படும் விண்மீன் வெடிப்பு). ஹைட்ரஜன் இன்றிச் சிலிக்கனின் ஆழ்ந்த பள்ளம் தெரிந்திருந்தால் 1ஏ என்ற வேறொரு வகை என்றிருப்பார்கள். வகைப்பாடு என்ற அளவில் அத்துடன் வேலை முடிந்தது.

என்னைப் பிடித்து நிறுத்தியவை அந்த ஊசிகள்தாம்.

வெடித்துச் சிதறிய பொருள் நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் பாய்வதால் அதன் கோடுகள் அகன்றே தெரியும். இவையோ, அந்த விண்மீன் தன் இறுதி ஆண்டுகளில் மெல்ல உதிர்த்து, தன்னைச் சுற்றி விட்டுவைத்திருந்த வாயு, வெடிப்பின் ஒளிபட்டு மின்னியதால் தோன்றிய குறுகிய கோடுகள்.

பின்னால் விரைந்து வந்த சிதறல் அந்த வாயுவை விழுங்க, ஏறத்தாழ ஒரு வாரத்தில் அவை மறைந்துவிட்டன.

2 கோடி ஆண்டுகள் பயணித்து வந்த ஒளியில், முதல் நிறமாலையைப் பத்து நாள் தாமதித்து எடுத்திருந்தால், இந்த ஊசிகளைப் பார்த்திருக்கவே முடியாது.