ஒரே சீருடை, நான்கு போலீஸ்காரர்கள்

கதை ஒரு வரிதான். வேலையை விட்டுத் தூக்கப்பட்ட போலீஸ்காரர், தன் கூலிங் கிளாஸைத் திருடிய கும்பலைப் பழிவாங்குகிறார். ஏழு நிமிடம். 1980களில் கேசட் தேயத் தேய ஓடிய ஆக்‌ஷன் படங்களைக் கிண்டலடிக்கும் குறும்படம். மட்டமாக எடுக்க வேண்டியதுதானே, இதில் என்ன பெரிய வேலை என்று நினைத்துத்தான் இறங்கினேன். இது பத்தாவது வாரம்.

முதல் சிக்கல் சீருடை. கிடைத்தது ஒன்று, தேவை நான்கு. 2015இல் வந்த 'குங் ஃப்யூரி' என்ற ஸ்வீடன் குறும்படத்தில் இயக்குநர் டேவிட் சாண்ட்பெர்க்கிடமும் ஒரே ஒரு போலீஸ் சீருடைதான் இருந்ததாம். ஆளுக்கொரு முறை மாட்டிவிட்டுத் தனித்தனியாக எடுத்து, கணினியில் ஒரே ஸ்டேஷனுக்குள் நிறுத்திவிட்டார். அவரால் முடிந்தது நம்மால் முடியாதா என்று, பின்னணியைக் கணினியில் மாற்ற உதவும் பச்சைத் திரையைக் கட்டினேன்.

முதல் நாள் எடுத்தது அத்தனையும் குப்பை. எல்லோரையும் திரையை ஒட்டி நிறுத்தியிருந்தேன். பச்சை ஒளி கன்னத்திலும் காதிலும் பட்டுத் தெறித்து, நான்கு பேரும் மஞ்சள்காமாலை வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். மறுநாள் இரண்டு மீட்டர் முன்னால் தள்ளி நிறுத்தி, திரைக்குத் தனியாக விளக்கு வைத்தேன். அது சரியானது. ஆனால் பார்வை இடறியது. இல்லாத ஆளைப் பார்த்துப் பேசு என்றால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் பார்க்கிறார்கள். கடைசியில் ஒரு துடைப்பத்தை நட்டுவைத்து, 'இதுதான் உன் மேலதிகாரி' என்றேன். தம்பி அதற்கு சல்யூட் அடித்ததை அப்படியே படத்தில் வைத்துவிட்டேன்.

சண்டைக்காட்சி நினைத்ததைவிட எளிது. அடி வாங்குபவரின் தோளுக்குப் பின்னால் கேமராவை வைத்து, தள்ளி நின்று ஜூம் செய்தால் போதும். ஓரடி இடைவெளியில் போகும் குத்துகூட முகத்தில் இறங்கியது போலிருக்கும். தலையைத் திருப்புகிறவர்தான் உண்மையில் அடியை நடிக்கிறார். அந்தக் காலத்தில் நொடிக்கு 22 ஃப்ரேமில், அதாவது 22 படங்களாக, எடுத்து 24இல் ஓட்டுவதும் உண்டு. வேகம் சுமார் 9 சதவீதம் கூடும். நான் பேராசையில் 30 சதவீதம் ஏற்றினேன், ஊமைப்படம் ஆகிவிட்டது. மறுபடி 9க்கே இறங்கினேன். 'டிஷ்யூம்' சத்தத்துக்குத் தோல் ஜாக்கெட்டைக் கட்டையால் அடித்தோம், எலும்பு முறியும் சத்தத்துக்கு செலரிக் கீரைத் தண்டு.

கார் மலையிலிருந்து விழும் காட்சியில்தான் இரண்டு வாரம் போனது. 1:16 அளவு பொம்மைக் கார், ஒரு மீட்டர் உயர மேசை. சாதாரணமாக எடுத்தால் அரை நொடிக்குள் 'டொக்'. நிஜக் கார் அதற்குச் சமமான 16 மீட்டரிலிருந்து விழ ஏறக்குறைய 1.8 நொடி ஆகும். அதாவது நான்கு மடங்கு. அளவின் வர்க்கமூலம்தான் கணக்கு: 16க்கு 4. அதனால் 24க்குப் பதில் அதன் நான்கு மடங்காக, நொடிக்கு 96 ஃப்ரேமில் எடுக்க வேண்டும். ஃபோனில் 120தான் இருந்தது, அதில் எடுத்து எடிட்டிங்கில் சரிக்கட்டினேன். காரடியில் சிமென்ட் தூசி, முன்னால் சின்னச் செடி. பிரமாதமாக வந்தது!

போட்டுக் காட்டினேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. 'நல்லாருக்கே, எப்படி எடுத்தே?' என்று கேட்டார்கள். கிண்டல் படத்துக்கு இதைவிடக் கேவலமான பாராட்டு உண்டா?

நான்கு நாள் அதைத் தொடவே மனம் வரவில்லை. பிறகுதான் அந்தப் படங்களின் பழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. வெடிப்பு என்றால் மூன்று கோணத்தில் மூன்று முறை காட்டுவார்கள். முதல் இரண்டு கோணத்தையும் கணக்குப் போட்டு எடுத்த அதே கம்பீரத்தோடு வைத்தேன். மூன்றாவதுக்கு மட்டும் பழைய 24 ஃப்ரேம் 'டொக்'. தீப்பெட்டி விழுந்த மாதிரி. இந்த முறை அக்கா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், புரையேறிவிட்டது. முதல் இரண்டையும் சுமாராக எடுத்திருந்தால் மூன்றாவது எடுபட்டிருக்காது.

கேசட் தோற்றத்துக்கு முதலில் ஒரு ஃபில்டர் போட்டேன். கண்ட இடத்தில் கோடு கோடாகக் கீறியதே தவிர நம்பும்படி இல்லை. விஎச்எஸ் எனும் அந்த வீடியோ கேசட்டில் படத்தின் நுணுக்கம் கிடைமட்டத்தில் 240 கோடு அளவுக்குத்தான் நிற்கும், நிறத்துக்கு அதைவிட மிகக் குறைவு. அதனால் நிறம்தான் முதலில் வழியும், அதிலும் சிவப்பு. இரவல் வாங்கிய பழைய விசிஆரில் (கேசட் ரெக்கார்டர்) முழுப் படத்தையும் பதிந்து, அந்தக் கேசட்டிலிருந்து இன்னொரு கேசட்டுக்கு எடுத்து, அதைக் கணினிக்கு மாற்றினேன். நாயகனின் சிவப்புத் தலைப்பட்டை காதைத் தாண்டி வழிந்தது. கீழ் ஓரத்தில் பழைய டிவிகள் சட்டத்துக்குள் மறைத்துவிடும் அந்த நெளியும் பட்டையும் வந்தது. எந்த ஃபில்டரிலும் வராத அழகு.

மீதி டப்பிங். உதடும் சத்தமும் மூன்று ஃப்ரேம் விலகினால் என் தவறு மாதிரி இருக்கிறது, எட்டு விலகினால் சிரிப்பு வருகிறது. எட்டுதான். வில்லன் சிரிப்பு மட்டும் பாக்கி. தம்பிக்கு நேற்றிலிருந்து தொண்டை கட்டியிருக்கிறது, இவ்வளவு கொடூரமாக அவன் ஒருநாளும் சிரித்ததில்லை. குணமாவதற்குள் பதிவு செய்தாக வேண்டும்.