குளிர்பதனப் பெட்டிக்குள் போன வேப்பங்கொட்டைகள்

சென்ற ஆண்டு என் அக்காள் மகள் ஆப்பிள் விதைகளை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் இரண்டரை மாதம் வைத்திருந்து முளைக்கச் செய்தாள். அந்த வெள்ளை வேரைப் பார்த்த மகிழ்ச்சியில், சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் நிற்கும் வேப்ப மரத்தடியில் பொறுக்கிய கொட்டைகளிலும் ஒரு பங்கை அதே முறையில் பெட்டிக்குள் வைத்தேன். இன்னொரு பங்கை அன்றே தொட்டியில் ஊன்றினேன். மிச்சத்தைத் துணிப்பையில் போட்டு நிழலில் தொங்கவிட்டேன். உடனே ஊன்றியவை இரண்டு வாரத்துக்குள் முளைத்தன. மூன்று வாரம் கழித்து ஊன்றியபோது துணிப்பையில் இருந்தவற்றில் ஏறக்குறைய பாதி முளைத்தன. பெட்டியில் இருந்தவற்றில் ஒன்றுகூட முளைக்கவில்லை. பிளந்து பார்த்தால் பருப்பு பழுப்பேறிக் குழைந்திருந்தது.

ஆப்பிளுக்கு உயிர் கொடுத்த குளிர் வேம்புக்கு ஏன் எமனாயிற்று என்ற கேள்விக்கு விடை அந்த மரங்களின் சொந்த மண்ணில் இருக்கிறது. ஆப்பிள் விதை பனிக்காலத்துக்கு முன்பு மண்ணில் விழுகிறது. உடனே முளைத்தால் உறைபனியில் செத்துவிடும் என்பதால், ஈரத்தோடு ஒன்று முதல் ஐந்து டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரை இரண்டு மூன்று மாதங்கள் உணர்ந்த பிறகே அதன் உறக்கம் கலைகிறது. வெப்ப நாட்டு மரங்களுக்குக் கடந்தாக வேண்டிய பனிக்காலமே இல்லை. அவற்றுள் பலவற்றின் விதைகள் ஈரம் நிறைந்தவையாக விழுந்து சில நாட்களில் முளைக்கத் தொடங்கிவிடும். அத்தகைய விதையைக் கடுங்குளிரில் வைத்தால் உயிரணுக்களின் மெல்லிய சவ்வுகள் விறைத்துப் பழுதடைகின்றன. மீண்டும் வெப்பம் பட்டதும் உள்ளிருப்பது கசிகிறது, விதை அழுகுகிறது. பலா, டுரியான், ரம்புத்தான் கொட்டைகளைப் பெட்டியில் சேமிக்க வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

சிங்கப்பூர்ப் பூமலை என்னும் தாவரவியல் பூங்காவில் 2019ஆம் ஆண்டு திறக்கப்பட்ட விதை வங்கி, விதைகளை உலர்த்தி, உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியில் காக்கிறது. உலர்ந்தாலும் சாகாத விதைகளுக்கே இந்த வழி பொருந்தும். புக்கிட் தீமா காட்டின் மெராந்தி, செராயா போன்ற பெருமரங்களின் விதைகளை உலர்த்தினாலே உயிர் போய்விடும். ஈரத்தோடு உறைய வைத்தாலோ உள்ளே பனித்துகள் உருவாகி உயிரணுக்களைக் கிழித்துவிடும். அவற்றைக் காப்பதற்கு மரத்தையே காப்பது தவிர எளிய வழியில்லை. அந்த மரங்கள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே காலத்தில் கூட்டமாகப் பூப்பதற்குத் தொடர்ந்து சில இரவுகள் வெப்பநிலை இரண்டு டிகிரி அளவுக்குத் தாழ்வதும் ஒரு தூண்டுதல் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஆண்டு முழுவதும் ஒரே புழுக்கம் என்று நாம் அலுத்துக்கொள்ளும் இந்த நிலநடுக்கோட்டு நாட்டில், நம் தோலுக்குத் தெரியாத அந்தச் சிறு தாழ்வை மரம் உணர்கிறது என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

வெப்பம் கூடுவதால் முளைக்கும் விதைகளும் உண்டு. இங்கே பூங்காக்களில் பிள்ளைகள் பொறுக்கி விளையாடும் சிவப்பு விதைகளைத் தரும் சாகா மரத்தை, அதாவது நம் ஊர் ஆனைக்குண்டுமணியை, எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஓடு தண்ணீரை உள்ளே விடாது. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி விதைகள் மேல் ஊற்றி ஓர் இரவு விட்டால் ஓடு நெகிழ்ந்து விதை உப்புகிறது; உப்பாதவற்றின் ஓட்டை அரத்தால் சற்றுத் தேய்த்துவிடலாம். இங்கே வெப்பம் கதவைத் திறப்பதோடு நின்றுவிடுகிறது. எண்ணெய்ப் பனையின் கதை வேறு. நாற்றங்கால்களில் அதன் கொட்டைகளை 39, 40 டிகிரி வெப்பத்தில் இரண்டு மாத அளவுக்கு வைத்திருந்து, பிறகு நனைத்து, சாதாரண வெப்பநிலைக்குக் கொண்டுவந்தால்தான் அவை சீராக முளைக்கின்றன. வெப்பத்தை நீடித்து உணர்ந்தால்தான் அந்த விதையின் உறக்கம் கலைகிறது.

பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிடும் விதைகளும் இருக்கின்றன. அடர்ந்த காட்டின் நிழலில் மண்ணின் வெப்பநிலை நாள் முழுவதும் சில டிகிரிகளே மாறும். ஒரு பெருமரம் சாய்ந்து வெயில் உள்ளே விழுந்துவிட்டால், பகலில் மண் கொதித்து இரவில் குளிரும். இப்படித் திறந்த இடத்தில் முதலில் வளரும் முன்னோடி மரங்கள் சிலவற்றின் விதைகள் மண்ணுக்குள் புதைந்து கிடந்தபடியே இந்த ஏற்ற இறக்கத்தால் மேலே இடம் திறந்திருப்பதை அறிந்து முளைக்கின்றன.

நம் தாழ்வாரத் தோட்டங்களில் நடக்கும் தவறு பெரும்பாலும் இந்த மண்ணின் சூட்டில்தான் இருக்கிறது. 2023ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி இங்கே அங் மோ கியோ வட்டாரத்தில் 37 டிகிரி பதிவானது. ஆனால் அது நிழலில் அளந்த காற்றின் வெப்பம். மேற்கு வெயில் விழும் எங்கள் தாழ்வாரத்தில், கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிக்குள் இரண்டு விரற்கடை ஆழத்தில் வெப்பமானியைச் செருகியபோது பிற்பகல் மூன்று மணிக்கு 44 டிகிரி காட்டியது. அந்தச் சூட்டில் ஈரமான விதை முளைப்பதற்குள் வெந்துவிடும். விதை பழுது, மண் பழுது என்று நான் பல காலம் குறைசொன்னதெல்லாம் தவறு என்று அன்று புரிந்தது. இப்போது விதைத் தொட்டிகள் சுடுமண்ணாலானவை. காலை வெயில் மட்டும் படும் சுவரோரம் இருக்கின்றன. மேலே தேங்காய் நார் பரப்பியிருக்கிறேன். அதே நேரத்தில் அங்கே மண் 30 டிகிரியைத் தாண்டவில்லை. இம்முறை வேப்பம்பழம் உதிர்ந்ததும் அன்றைக்கே நாற்பது கொட்டைகளை ஊன்றினேன். முப்பத்தொன்று முளைத்திருக்கின்றன, அக்கம்பக்கத்தில் யாருக்கு வேண்டுமென்றாலும் தருகிறேன்.