ரோமாவா, சான் மர்சானோவா?

மாடித் தோட்டத்துல மூணு வருஷமா நீளத் தக்காளி வைக்கிறேன். இந்தத் தடவை ரோமாவை விட்டுட்டு சான் மர்சானோவுக்கு மாறிட்டேன்.

ரோமா சாது. குத்துச்செடியா நின்னுடும், பழமெல்லாம் ஒரே சமயத்துல பழுத்துத் தள்ளும், தொக்கு கிண்ட சௌகரியம். ஆனா வாயில போட்டா சதைதான் இருக்கு, ருசி இல்லை. இத்தாலியில நேபிள்ஸ் பக்கத்து எரிமலை மண்ணுல பேர் வாங்கின சான் மர்சானோ வேற ரகம். குறுக்க வெட்டினா ரெண்டே அறை, விதை கம்மி, பலகையில சாறு ஓடாது. நேத்து சின்ன வெங்காயத்தோட வதக்கினேன். தண்ணி வத்தக் காத்திருக்கவே வேணாம், சட்டுனு எண்ணெய் பிரிஞ்சுது.

சண்டித்தனமும் உண்டு. ஆளுயரம் தாண்டும், கம்பு நட்டுக் கட்டணும். ரெண்டு நாள் தண்ணி ஊத்த மறந்தேன், அடுத்த வாரமே காயோட அடி கறுத்துப் போச்சு. ஏதோ நோய்னு வேப்பெண்ணெய் அடிச்சது என் மடத்தனம். தண்ணி ஏறுக்குமாறா போனா கால்சியம் காய்க்குப் போய்ச் சேராது, அவ்வளவுதான் விஷயம். விதையைப் புரட்டாசியில போட்டுடுங்க. சித்திரை வெயில்ல பூவெல்லாம் உதிர்ந்துடும்.

ரசத்துக்கு மட்டும் இதெல்லாம் ஆகாது. அதுக்குன்னே பெரியகுளத்து பி.கே.எம். 1 தக்காளி ரகம் ரெண்டு தொட்டியில நிக்குது.