சுபாரு 360 மாடல்: உடற்கூடு முடிந்தது

1958ல் வந்த ஜப்பானியச் சிறு கார் சுபாரு 360ஐ 1:12 அளவில் மாடலாகச் செய்து வருகிறேன். உடற்கூடு ஒரு வழியாக முடிந்துவிட்டது. அசல் வண்டி 2990 மில்லிமீட்டர் நீளம், 1300 அகலம், 1380 உயரம். பன்னிரண்டால் வகுத்தால் சுமார் 249, 108, 115. அன்றைய ஜப்பானில் சிறு கார் என்ற சலுகை வேண்டுமானால் 3 மீட்டர் நீளம், 1.3 மீட்டர் அகலம், 360 சிசி எஞ்சின் ஆகியவற்றைத் தாண்டக்கூடாது. கொடுத்த இடத்தில் ஒரு துளியையும் வீணாக்காமல், நான்கு பேரை உட்காரவைத்த வண்டி இது.

குமிழ் மரத்தில் அச்சு செதுக்கினேன். இடுப்புப் பகுதி அகன்று கீழே உள்வாங்கும் வடிவம் என்பதால், ஒரே கட்டையாகச் செதுக்கினால் கூடு கழன்று வராது. அதனால் அச்சு மூன்று துண்டு. நடுத்துண்டைக் கீழ்வழியாக உருவினால், பக்கத் துண்டுகள் உள்ளே நகர்ந்து வெளியே வந்துவிடும். அச்சின் மேல் மெழுகு தேய்த்து, பழுப்புக் காகிதத்தை விரலகலப் பட்டைகளாகக் கிழித்து, ஃபெவிகாலில் நனைத்து ஒன்றுக்கொன்று குறுக்காக நான்கு அடுக்கு ஒட்டினேன். கத்தரித்த ஓரம் தடித்துத் தெரியும். கிழித்த ஓரம்தான் படியும்.

இதோடு இன்னொன்றும் செய்து பார்த்தேன். அதே காகிதம், அதே பசை, அதே நான்கு அடுக்கை ஒரு கண்ணாடிப் பலகை மேல் தட்டையாக ஒட்டிக் காயவைத்தேன். காய்ந்ததும் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் தொங்குகிறது. ஆனால் அச்சிலிருந்து கழற்றிய கூட்டின் முன்மூக்கைக் கட்டைவிரலால் அழுத்தினால் அசையவே இல்லை, தேங்காய்ச் சிரட்டை மாதிரி நிற்கிறது. பலம் முழுக்க வளைவில்தான் இருக்கிறது. இந்தக் காரை உருவாக்கியவர்கள் விமானத்திலிருந்து கொண்டுவந்த அறிவும் இதுதான் என்பது என் எண்ணம்.

அவர்கள் நிஜமாகவே விமானக்காரர்கள். கடற்படைப் பொறியாளராக இருந்த சிக்குஹெய் நாகஜிமா 1917ல் தொடங்கிய விமான நிறுவனம், குன்மா மாகாணத்தின் ஓட்டா நகரில் வளர்ந்தது. 1945ல் போர் முடிந்ததும் ஜப்பானில் விமானம் செய்யத் தடை வந்தது. கையில் தொழில் தெரிந்த அத்தனை பேரும் என்ன செய்வது? மிச்சம் கிடந்த பொருளில் 1946ல் ராபிட் (முயல்) என்ற ஸ்கூட்டரைச் செய்தார்கள். அதன் முதல் மாதிரிக்குப் போட்ட சக்கரங்கள் கிங்கா குண்டுவீச்சு விமானத்தின் வால் சக்கரங்கள். நிறுவனம் பல துண்டுகளாக உடைக்கப்பட்டு, அவற்றில் ஐந்து சேர்ந்து 1953ல் ஃபூஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் ஆனது. சுபாரு இலச்சினையில் இருக்கும் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தின் ஆறு விண்மீன்களில் ஒன்று மட்டும் பெரிதாக இருப்பது இந்த இணைப்பைக் குறிக்கத்தான். அந்தக் கூட்டத்தின் ஜப்பானியப் பெயரான சுபாருவைக் காருக்கு வைத்தவர் முதல் தலைவர் கெஞ்சி கிட்டா.

முதலில் 1500 சிசி எஞ்சினோடு பி-1 என்ற காரைச் செய்தார்கள். வங்கி பணம் தரவில்லை. சுமார் 20 வண்டியோடு திட்டம் நின்றுபோனது. அப்புறம்தான் சின்ன காருக்கு வந்தார்கள். பொறுப்பு ஷின்ரோகு மொமோசேவிடம். போர்க்காலத்தில் விமான எஞ்சின் வேலையில் இருந்தவர், பிறகு அடிச்சட்டம் இல்லாத பேருந்து செய்தவர். அடிச்சட்டத்தை எடுத்துவிட்டு, உடற்கூடே பாரத்தைத் தாங்கட்டும் என்பது அவர் வழி. 360க்கு எடுத்த இரும்புத் தகடு வெறும் 0.6 மில்லிமீட்டர். அதை எங்கெங்கும் உருட்டி வளைத்ததால் அடிபட்ட நாடு வாங்கக்கூடிய, 385 கிலோவில் முடிகிற ஒரு கார் கிடைத்தது. 1958 மார்ச்சில் அறிமுகமானபோது விலை 4,25,000 யென்.

கூரையை மட்டும் தனியாகச் செய்தேன். அசலிலும் அது தகடு அல்ல, ஃபைபர் கிளாஸ். மேலே எடை குறைந்தால் வண்டி வளைவில் அதிகம் சாயாது. அதனால் நானும் மெல்லிய கண்ணாடி இழைத் துணியில் ரெசின் தடவி வார்த்தேன். மணல் காகிதம் போட்டுத் தேய்த்ததும் கூட்டின் மேல் சரியாக உட்கார்ந்தது.

பின்பக்கத்துக் காற்றுத் துளைகளை வெட்டியாயிற்று. இரண்டு சிலிண்டர் எஞ்சின் பின்னால் இருக்கிறது, காற்றால் குளிர்வது. அதனால் முன்முகத்தில் ரேடியேட்டருக்கான கம்பித் தடுப்பு எதுவும் கிடையாது. நான்கு பேரோடு அகாகி மலையேற வேண்டும் என்று வைத்துச் சோதித்த எஞ்சின் அது.

அடுத்தது சக்கரங்கள். அசலில் 10 அங்குல ரிம், எனக்கு 21 மில்லிமீட்டர் வரும். சஸ்பென்ஷனுக்கு சுருள் கம்பியைப் போட்டுச் சமாளிக்க மனமில்லை. முறுக்கினால் எதிர்த்துத் திரும்பும் தண்டுதான் அசலில் முக்கியமாக இருந்தது. உள்ளே இடத்தை அடைக்காது. 1 மில்லிமீட்டர் எஃகுக் கம்பி வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு முனையைக் காரின் அடித்தளத்தில் இறுக்கி, மறுமுனையில் சக்கரக் கையைப் பற்றவைக்க வேண்டும்.