தானாகத் திறந்துகொண்ட கட்டில்: மூன்றாவது முயற்சியில் அடங்கியது

நானே செய்த மடக்குக் கட்டில் பதினொரு நாளாகத் தானாகத் திறக்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். போன மாதமே எழுதியிருந்தால் வெறும் புலம்பலாக இருந்திருக்கும்.

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் வீட்டைத் தெருவிலிருந்து பார்ப்பவர்கள், "இவ்வளவு பெரிய வீட்டுக்கு மடக்குக் கட்டில் எதற்கு?" என்று கேட்பார்கள். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று அடுத்த தெரு வரை போகிற வீடுதான். ஆனால் வளவைச் சுற்றியுள்ள அறைகளில் எங்கள் புள்ளிக்கு, அதாவது எங்கள் குடும்பப் பங்குக்கு, வந்தது ஒன்று. பன்னிரண்டுக்கு ஒன்பதடி. அதில் அப்பத்தாவின் பெட்டகம் ஒன்று அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) எல்லோரும் ஊருக்கு வந்தால் அந்த அறையில் ஐந்து பேர். இதுவரை பாய்தான். பாயைவிட இடம் அடைக்காத கட்டில் உலகத்தில் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆத்தாவுக்கு மூட்டு வலி. கீழே உட்கார்ந்தால் எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டும்.

அதனால் பக்கவாட்டில் இறங்குகிற மாதிரி ஒற்றைக் கட்டில். மூடினால் நாலரை அடி உயரம், ஆறரை அடி நீளம், ஒன்றேகால் அடி ஆழத்தில் ஒரு அலமாரி. நெட்டுக்குத்தாக நிற்கும் வகை இன்னும் அழகு, ஆனால் அதற்கு எடை முழுவதும் பிவட்டிலிருந்து (கட்டில் சுழலும் அச்சிலிருந்து) தொலைவில் போய்விடும். ஆத்தா தனியாக இறக்க வேண்டும் என்றால் பக்கவாட்டுதான் சரி.

பெட்டி, சட்டம், அடிப்பலகை பற்றியெல்லாம் சொல்ல ஒன்றுமில்லை. 710 கிரேடு (தண்ணீர் தாங்கும்) பிளைவுட்டில் பெட்டி, 12 மி.மீ. பிளையில் கட்டிலின் தளம், சுற்றிலும் நாலு இன்ச் தேக்குச் சட்டம். பிவட்டுக்கு 16 மி.மீ. கம்பி, லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய பித்தளை புஷ். புஷ்ஷில் காசைப் பார்க்காதீர்கள். கம்பி நேராக பிளையில் உரசினால் ஆறு மாதத்தில் ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்துவிடும்.

முகப்புப் பலகையில்தான் எனக்கு ஆசை மிஞ்சிவிட்டது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இடித்த வீட்டுச் சாமான் கடைகளைச் சுற்றி, பர்மா தேக்கில் ஒரு ஜோடி அலமாரிக் கதவு வாங்கினேன். வெளியூர்க்காரர்கள் வருகிற மாதங்களில் அங்கே வாய் திறந்து விலை கேட்கவே பயமாக இருக்கும். வெயில் காலத்தில், மத்தியானம், கடைக்காரர் தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது போங்கள். கதவு முக்கால் இன்ச் கனம், ஒரு சுழி கிடையாது. ஆனால் பழைய ஆணி எங்கே புதைந்திருக்கிறது என்று காந்தம் வைத்துத் தேடாமல் மெஷினில் விட்டதில் பிளேடு இரண்டு இடத்தில் பல் போய்விட்டது. ஆசாரியார் ஒன்றும் சொல்லவில்லை. பிளேடை என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்தக் கதவால் எடை ஏறியது. தளம் 13 கிலோ, சட்டம் 11, கதவு 21, மெத்தை 6. ஆக 51. இதைத் தூக்கிப் பிடிக்க கேஸ் ஸ்பிரிங் வேண்டும், அதாவது உள்ளே அடைத்த வாயு தண்டை வெளியே தள்ளுகிற உருளை. எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஹைட்ராலிக் என்றுதான் சொல்வார்கள். காரைக்குடியில் நான் ஏறி இறங்கிய கடைகளில் இருந்ததெல்லாம் கிச்சன் கபோர்டுக்கான 100, 120 நியூட்டன் (தள்ளும் விசையின் அளவு). "எத்தனை கிலோ தூக்கணும்?" என்று கேட்கிறார்கள். கேள்வியே தப்பு. எத்தனை கிலோ என்பது பாதிதான், எங்கே மாட்டுகிறோம் என்பது மீதி. இந்த மீதியில்தான் எனக்கு ஏழு வாரம் போனது.

முதலில் எடை. கட்டிலைக் கிடைமட்டமாகப் பிடித்து, வெளி ஓரத்துக்குக் கீழே குளியலறை எடை மிஷினை வைத்தேன். 26 கிலோ காட்டியது. பிவட்டிலிருந்து ஓரம் வரை 95 செ.மீ., அதாவது 0.95 மீட்டர். இரண்டையும் பெருக்கி 9.8ஆல் பெருக்கினால் 242 நியூட்டன் மீட்டர். ஸ்பிரிங் இரண்டும் சேர்ந்து கொடுக்க வேண்டிய திருப்பு விசை அதுதான்.

ஸ்பிரிங்கின் ஒரு நுனி கட்டில் சட்டத்தில், பிவட்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி. இன்னொரு நுனி பெட்டியின் பக்கப் பலகையில், பிவட்டுக்கு 25 செ.மீ. கீழே. அந்தக் கீழ் நுனியை நேர் கீழே வைக்காமல் 5 செ.மீ. பின்னால், சுவர்ப் பக்கம் தள்ளி வைத்தேன். காரணம், ஸ்பிரிங் வெளியே தெரியாமல் உள்ளடங்கி இருக்கும் என்று. அழகு பார்த்தேன், வேறொன்றுமில்லை. படுத்த நிலையில் பிவட்டிலிருந்து ஸ்பிரிங் கோட்டுக்குச் செங்குத்துத் தூரம் 17.4 செ.மீ. வந்தது. 242ஐ அதால் வகுத்து இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 695. மதுரையிலிருந்து 700 நியூட்டனில் ஒரு ஜோடி வரவழைத்தேன். கணக்கு இவ்வளவு துல்லியமாக அமைந்ததே என்று அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

மாட்டினேன். இறக்கினால் பூப்போல இறங்கியது. தூக்கினால் விரலுக்கு வந்தது. மூடி, காந்தக் கொண்டி போட்டு, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அன்று ராத்திரி இரண்டு மணிக்கு 'டக்' என்று ஒரு சத்தம். விளக்கைப் போட்டால் கட்டில் முழுக்க இறங்கி, விரித்துவைத்த மாதிரி நிற்கிறது. "உங்க கட்டிலு உங்களக் கூப்பிடுது" என்றாள் வீட்டுக்காரி. மறுநாள் பெரிய காந்தம். அடுத்த ராத்திரியும் அதே.

காந்தத்தின் மேல்தான் சந்தேகப்பட்டேன். பிறகு பெட்டி முன்சாய்வாக நிற்கிறதோ என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட பத்து நாள் இப்படியே போனது. கடைசியில் கண்டுபிடித்துக் கொடுத்தது ஒரு கல்யாணப் பத்திரிகை. நம் ஊர்ப் பத்திரிகை அட்டை எவ்வளவு கனம் என்று தெரியுமே. அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் கட்டிலை வெட்டி, குண்டூசியால் பிவட் குத்தி, ஸ்பிரிங்குக்குப் பதில் நூல் கட்டித் தூக்கிப் பார்த்தேன். கிடந்த நிலையில் நூல் பிவட்டுக்கு முன்பக்கமாகப் போகிறது. தூக்கத் தூக்க நூல் பிவட்டை நெருங்கி, நிமிர்கிற கடைசி நேரத்தில் குண்டூசியைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது.

விஷயம் அவ்வளவுதான். கோடு பிவட்டைத் தாண்டியதும் தூக்கிக்கொண்டிருந்த ஸ்பிரிங் தள்ள ஆரம்பித்துவிடுகிறது. நான் படுத்த நிலைக்கு மட்டும் கணக்குப் போட்டேன், நிமிர்ந்த நிலைக்குப் போடவே இல்லை. போட்டுப் பார்த்தால் 2.7 செ.மீ. தாண்டியிருக்கிறது. மேல் ஓரத்தில் நாலு கிலோ அளவுக்கு ராத்திரி பகலாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. எந்தக் காந்தம் தாங்கும்?

சரி, கீழ் நுனியைப் பிவட்டுக்கு 5 செ.மீ. முன்னால் கொண்டுவந்தேன். ஸ்பிரிங் கொஞ்சம் கண்ணில் படும், பட்டுவிட்டுப் போகட்டும். இப்போது நிமிர்ந்த நிலையில் அதே 2.7 செ.மீ. சரியான பக்கம் இருக்கிறது. மூடினால் மூடியபடி இருந்தது. ஆனால் படுத்த நிலையில் அந்தச் செங்குத்துத் தூரம் 17.4இலிருந்து 21.2 ஆகிவிட்டது. அதே 700 நியூட்டன் இப்போது 297 கொடுக்கிறது, தேவை 242. இறக்கி வைத்து, தலையணை எடுக்கத் திரும்பினேன். கட்டில் எழுந்து மூடிக்கொண்டது. வெளி ஓரத்தில் ஆறு கிலோ மேல்நோக்கி. விரித்த போர்வையோடு உள்ளே போய்விட்டது. "முதல்ல மூட மாட்டேன்னுச்சு, இப்பத் திறக்க மாட்டேங்குதா?" என்று ஆசாரியார் கேட்டபோது பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை.

600 போடலாமா என்று பார்த்தேன். கணக்குப்படி ஓரத்தில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே தூக்கும், ஒரு கொக்கி போட்டால் போதும். ஆனால் ஸ்பிரிங்கில் எழுதியிருக்கும் நியூட்டன் 20 டிகிரி வெப்பத்துக்கு. உள்ளே இருப்பது அடைத்த வாயு. பத்து டிகிரி கூடினால் விசை சுமார் மூன்றரை சதவீதம் கூடும். நம் ஊர்ச் சித்திரை மத்தியானம் 40 என்றால் ஏழு சதவீதம். மார்கழியில் அடங்கிக் கிடக்கும் கட்டில் சித்திரையில் தலை தூக்கும். கம்பெனிக்காரன் இதை அட்டைப்பெட்டியில் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

ஆகவே 500. படுத்த நிலையில் வெளி ஓரம் மூன்று கிலோ அழுத்தத்தோடு கீழே நிற்கிறது. சித்திரை வெயிலிலும் ஒன்றரை கிலோ மிஞ்சும். மூடிய நிலையில் மூன்று கிலோ உள்ளே இழுத்துப் பிடிக்கும். திறக்க ஆத்தாவின் ஒரு கை போதும், இரண்டு முறை திறந்து பார்த்துவிட்டார்கள். இன்னொன்று, தண்டு கீழே, உருளை மேலே இருக்கும்படி மாட்டுங்கள். உள்ளே இருக்கும் எண்ணெய், தண்டைச் சுற்றியுள்ள சீல் வளையத்தை நனைத்துக்கொண்டிருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் சீல் காய்ந்து வாயு கசியும். 700 நியூட்டன் ஜோடி புத்தம் புதுசாகச் சும்மா கிடக்கிறது. விற்ற கடையில் திருப்பி எடுக்க மாட்டார்களாம், ரசீதில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறதாம்.

பெட்டியைச் சுவரோடு பிடிப்பது தனிக் கதை. இந்தக் கட்டிலுக்கு அமெரிக்காவில் மர்ஃபி கட்டில் என்றே பேர். 1900களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் வில்லியம் லாரன்ஸ் மர்ஃபி என்பவர் செய்து விற்றது. பேர் அவ்வளவு பரவி, 1989இல் அங்கே நீதிமன்றமே இது பொதுப்பெயர், ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தமில்லை என்று சொல்லிவிட்டது. அவர்கள் வீட்டுச் சுவருக்குள் மரச்சட்டம் இருக்கும், ஸ்க்ரூ போட்டால் முடிந்தது. நம் சுவர் செங்கலும் சுண்ணாம்பும். மேலே கண்ணாடி போல வெள்ளைச் சாந்துப் பூச்சு. இன்றைக்கு அதை அதே மாதிரி பூசித் தர ஆள் தேட வேண்டும். அதில் டிரில் வைப்பதற்கு எனக்கு மனசும் வரவில்லை, பங்காளிகள் விடவும் மாட்டார்கள். தரையில் ஆத்தங்குடிக் கல், அதிலும் ஓட்டை போட முடியாது. பிடிக்காமல் விட்டால் கட்டில் பாதி இறங்கும்போது பெட்டி முன்னால் கவிழும்.

எங்கள் அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவே ஒரு கதவு பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. பக்கத்து அறை பெரியப்பா வழிப் பங்கு. சென்னையில் இருக்கும் அண்ணனிடம் போன் போட்டுக் கேட்டேன். "அங்கே அண்டா குண்டாதானேடா கிடக்கு, செஞ்சுக்க" என்றார். அந்தப் பக்கம் கதவு நிலைக்குக் குறுக்கே இரண்டு தேக்குக் கட்டை, இந்தப் பக்கம் பெட்டியின் முதுகு, நடுவில் வாசல் வழியாக நாலு 10 மி.மீ. திரெட் ராடு (மரை வெட்டிய கம்பி). நட்டை முறுக்கினால் சுவரையே இடுக்கி போலப் பிடித்துக்கொள்கிறது. கட்டைக்கும் நிலைக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூப் துண்டு. சுவரில் ஓட்டை ஒன்றுகூட இல்லை. நாளைக்கே கழற்றினால் இது இங்கே இருந்த சுவடு தெரியாது. ஸ்பிரிங்கைவிட இதில்தான் எனக்குப் பெருமை, ஆனால் இதை யாரும் கேட்பதில்லை.

எல்லோரும் கேட்பது, "படுத்திருக்கும்போது மூடிக்காதே?" என்பது மட்டும். ஆத்தாவும் கேட்டார்கள். நியூட்டன் கணக்கெல்லாம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நீ முதல்ல படு" என்றார்கள். படுத்தேன். அரை மணி நேரம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதற்குப் பிறகும் அன்று அவர்கள் படுக்கவில்லை, மறுநாள்தான்.

மெத்தை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வீட்டில் நல்ல இலவம்பஞ்சு மெத்தை இருக்கிறதே என்று முதலில் அதைப் போட்டுப் பார்த்தேன். நிமிர்த்தி ஒரு வாரம் வைத்ததில் பஞ்சு முழுவதும் கீழ் ஓரத்துக்கு இறங்கி, ஒரு பக்கம் திண்டு, ஒரு பக்கம் வெறும் துணி. எடையும் இரண்டு மடங்குக்கு மேல். நாலு இன்ச் ஃபோம்தான் இதற்குச் சரி, குறுக்கே இரண்டு பட்டை போட்டுவிடுங்கள்.

கால் வேலை இன்னும் முடியவில்லை. இப்போதைக்கு வெளி ஓரத்தைத் தாங்குவது இரண்டு மரப் பெட்டிகள். உடைந்த பழைய கட்டிலின் கடைசல் கால் இரண்டு வைத்திருக்கிறேன், கீல் போட்டுத் தொங்கவிட்டால் கட்டில் இறங்கும்போது தானாக விழுந்து நிற்கும். வலது கால் சரியாக விழுகிறது. இடது கால் இரண்டு நூல் (கால் இன்ச்) அதிக நீளம், தரையைத் தொடும் முன் சட்டத்தில் இடிக்கிறது. அறுக்கலாம் என்றால் ஆசாரியார் அடியில் இருக்கும் பித்தளைப் பூணைக் கழற்றிவிட்டுத்தான் அறுக்க வேண்டும் என்கிறார், பூண் கழல மாட்டேன் என்கிறது.

அதற்குள் அடுத்ததுக்கு அளவெடுத்துவிட்டேன். கட்டில் மூடியிருக்கும்போது அந்த முகப்புக் கதவு சும்மாதானே நிற்கிறது? அதிலிருந்து கீழே இறங்குகிற மாதிரி ஒரு எழுது மேசை. ஒன்றரை அடி அகலம், எடை நாலு கிலோவுக்குள். ஆனால் அந்த நாலு கிலோவும் கட்டிலின் 51இல் சேரும், மறுபடி எடை மிஷின், மறுபடி பத்திரிகை அட்டை. வீட்டுக்காரிக்கு இன்னும் சொல்லவில்லை. பூண் கழன்ற பிறகு சொல்லலாம் என்று இருக்கிறேன்.