"தானா கூடிடும்ல சிஸ்டர்?"

எலும்பு வார்டுல நர்ஸா சேர்ந்து 11 வருஷம் ஆச்சு, அதுல பாதிக்கு மேல மாவுக்கட்டு ரூம்லதான். பிள்ளையத் தூக்கிட்டு ஓடி வர்றவங்க கேக்குறது பெரும்பாலும் ரெண்டே கேள்வி. "விரல் அசையுதே, அப்போ உடைஞ்சிருக்காதுல்ல?" உடைஞ்சாலும் அசையும்ங்க, அத நம்பி வீட்ல வச்சிருக்காதீங்க. இன்னொன்னு, "சின்னப் பிள்ளைதானே, தானா கூடிடும்ல?" இது பாதி நெசம், அதனாலதான் எனக்கு பயமே.

பச்சைக் குச்சிய வளைச்சா பட்டுன்னு ரெண்டாகாது, ஒரு பக்கம் பிளந்து மறுபக்கம் ஒட்டிக்கிட்டே நிக்கும், பிள்ளைங்க எலும்பும் பல நேரம் அப்படித்தான், அந்த முறிவுக்கு கிரீன்ஸ்டிக்னு பேரு வந்ததே அதனாலதான். மணிக்கட்டுல எலும்பு லேசா புடைச்சு மடங்கியிருந்தா 3 வாரம் ஸ்ப்ளின்ட், அதாவது கை அசையாம தாங்குற பட்டை, போதும். கொஞ்சம் கோணலா கூடினதுகூட வளர வளர நேராகிடும், ஆனா முறுக்கிக்கிட்டு கூடினது அப்படி நேராகாது. 15 வயசுப் பையனுக்கு வளர்ச்சியே கொஞ்சம்தான் பாக்கி இருக்கும், நேராக டைம் எங்க?

சேர்ந்த புதுசுல ஒரு நைட் டூட்டி. 6 வயசுப் பொண்ணு, முழங்கைக்கு மேல முறிவு, கட்டு போட்டு படுக்க வச்சிருக்கு, வலி மருந்து கொடுத்தும் அழுகை நிக்கல. புது இடம், பயத்துல அழறான்னு நினைச்சு நான் கதை சொல்லிக்கிட்டு இருந்தேன். சீனியர் அக்கா வந்து ஒண்ணுமே பேசல, அவ நடுவிரல மட்டும் மெதுவா நீட்டிப் பாத்தாங்க, வீல்னு கத்திட்டா. விரல் வெளுத்து ஜில்லுன்னு இருந்துச்சு, கட்டு இறுக்கி ரத்தம் சரியா ஓடல. டாக்டர் ஓடி வந்து கட்ட நீளவாக்குல பிளந்து, உள்ள இருந்த பஞ்சையும் தோல் தெரியுற வரைக்கும் வெட்டி விரிச்சாரு, கொஞ்ச நேரத்துல நகத்துல சிவப்பு திரும்பிச்சு, அப்படியே தூங்கிப்போயிட்டா. கை தப்பிச்சுது. கதை சொல்லிக்கிட்டு இருந்த அந்த நேரத்த நினைச்சா இப்பவும் வயித்தக் கலக்குது.

அதுலேர்ந்து கட்டு போட்டு அனுப்புற ஒவ்வொருத்தர்கிட்டயும் நகத்த அமுக்கிக் காட்டுவேன், வெளுத்து 2 செகண்டுக்குள்ள சிவக்கணும். மருந்துக்கு அடங்காம வலி ஏறிக்கிட்டே போனா, மரத்துப்போனா, விரல் வெளுத்தாலோ நீலமானாலோ விடியட்டும்னு இருக்காதீங்க, உடனே வாங்க. அரிக்குதுன்னு ஸ்கேல உள்ள விட்டு சொறியவும் கூடாது.

அப்புறம் வளர்ச்சித் தட்டு. எலும்பு நுனிக்கிட்ட இருக்குற குருத்து, நீளமா வளர்றதே அங்கதான். அதுல படுற அடிய 1963ல சால்டர், ஹாரிஸ்னு ரெண்டு எலும்பு டாக்டருங்க 5 வகையா பிரிச்சாங்க, முதல் வகை எக்ஸ்ரேல தெரியாமகூட போகலாம், அதனால எக்ஸ்ரே கிளியரா இருந்தும் டாக்டர் கட்டு போடச் சொன்னா கோவிச்சுக்காதீங்க. தட்டுல அடிபட்ட பிள்ளைக்கு கட்டு பிரிச்ச பிறகும் மாசக்கணக்குல செக்கப் உண்டு, அந்த எலும்பு சரியா வளருதான்னு பாக்க. வலி போய் பிள்ளை ஓட ஆரம்பிச்சதும் பாதிப்பேர் வர்றதில்ல. வராதவங்க பேர தனியா ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன், மதியம் கூட்டம் குறைஞ்சதும் உக்காந்து ஒவ்வொருத்தருக்கா போன் போடுவேன்.